எதிர்வீட்டு வாதம்

புலம்பெயர்ந்து வந்து வோபர்னில் நாங்கள் குடியிருந்த "பில்டிங்"கின் நடைபாதையில் பொரித்த மீன் மணம் வந்தால் அன்று சனிக்கிழமை என்று அர்த்தம். அந்த மணத்தோடு எதிர்வீட்டிலிருந்து தகப்பனும் மகளும் வாதாடும் சத்தமும் வரும். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. மகள் மெர்லினும் நானும் ஒரே வகுப்பு. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற பாடம் நடந்த குளிர்காலம் முழுவதும், அவள் பெருவெடிப்பின் பக்கமும் அவளுடைய அப்பா வேதாகமத்தின் பக்கமும் நின்று, சாப்பாட்டு மேசையில் "கொழுவிக்கொண்டே" இருந்தார்கள்.

"வெடிப்புக்கு முந்தி நேரமே இல்லையாம் அப்பா. அப்ப கடவுள் எங்கை நிண்டவர்?"

"நேரத்துக்கு வெளியிலை நிண்டவர். நல்ல கேள்விதான், ஆனா என்னை விழுத்தக் காணாது" என்று சிரித்தபடி, மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைப்பார்.

நான் மேசையோரம் இருந்து பொறாமையில் வெந்துகொண்டிருப்பேன். எந்தப் பக்கம் சரி என்பது எனக்கு ஒரு பொருட்டேயில்லை. தன்னை விழுத்தப் பார்க்கும் மகளை அவ்வளவு ஆசையாகப் பார்க்கும் முகம் எங்கள் வீட்டில் இல்லை. அதே கேள்வியைக் கொண்டுபோனபோது அம்மா, "எல்லாம் சிவன்ரை ஆட்டம், போய்ப் படி" என்று முடித்துவிட்டார். இரண்டு வேலையும் முடித்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, "கொம்மாட்டைக் கேள்" என்றார்.

பல்கலைக்கழகம் போனபின் மெர்லின் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். இனி அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவள் அப்பா ஞாயிறு பூசை முடிந்து வந்து, அங்கே கேட்ட பிரசங்கத்தை வைத்தே அவளை மறுபடி வாதுக்கு இழுத்தார்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். இறுதிப் பூசையில், கடவுளை நம்பாத மெர்லின், உலகம் படைக்கப்பட்ட பகுதியை வேதாகமத்திலிருந்து எல்லோர் முன்னும் நின்று வாசித்தாள். "ஒளி" என்ற சொல்லில் குரல் உடைந்தது. என் அப்பாவோடு பின்வரிசையில் இருந்த எனக்கு அப்போதும் பொறாமைதான். இழப்பதற்கு அவளிடம் அவ்வளவு இருந்தது.

அந்தப் பில்டிங்கில் இப்போது எங்களில் எவரும் இல்லை. அந்த வாதமும் முடிந்துவிட்டது. பூசை முடிந்து அப்பாவை அவருடைய ஒஷாவா வீட்டில் விடப் போகும் வழியில், காரை ஓட்டியபடி கேட்டேன்.

"அப்பா, இந்த உலகமெல்லாம் எப்பிடி வந்ததெண்டு நீங்கள் நினைக்கிறியள்?"

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை அப்பா."

"அப்ப றோட்டைப் பாத்து ஓடு."