பின்பக்கமாய் ஓடிய மைனர்

மண்ணெண்ணெயும் பழப்புளியும் கலந்த ஒரு மணம். உலகத்தில் வேறெங்கும் அப்படியொரு மணம் இருந்திருக்காது. நீர்வேலியில், எங்கள் வீட்டு விறாந்தையில், தம்பி பிறந்த கிழமை இருந்தது.

சண்டையும் தடையுமாய், பெற்றோல் வராத காலம். அப்பாவின் பழைய மொறிஸ் மைனர், கார்பரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டால் கிளம்பி, பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாய்க் கழன்றுகொள்ளத் தொடங்கியதும் அப்பாவுக்கு நித்திரை போய்விட்டது. அம்மாவுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கையில் வேறு காரில்லை.

அப்பா குருநகரிலிருந்து அன்ரன் அண்ணையைக் கூட்டிவந்தார். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். கடலுக்குப் போகத் தடை என்பதால் கையில் வேலை இல்லாமல் இருந்தார். ‘கியர்பொக்ஸை’ இறக்கி, பற்சில்லுகளையும் வளையங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசை குலையாமல் பாயில் பரப்பினார். தேய்ந்த சில்லொன்றுக்கு மாற்றுத் தேடி அவர் அரியாலைப் பக்கம் போன நாள், பார்த்து, வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கூட்டிக் கழுவாத மூலை இருக்காது. “உந்த ஊத்தையை வைச்சுக்கொண்டு எப்பிடி விளக்கேத்திறது?” என்று, வயிற்றுப் பாரத்தையும் பாராமல், அம்மா அவ்வளவையும் அள்ளி, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, பெரிதிலிருந்து சிறிதாக அழகாய் அடுக்கிவிட்டார்.

திரும்பி வந்த அன்ரன் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். “அக்கா, கியர்பொக்ஸைப் பூசைக்கோ வைக்கப்போறியள்?” அந்த நிலையில் அம்மாவோடு யார் கோபிப்பது? நினைவில் நின்றதை வைத்து ஒருவாறு பூட்டி முடித்தார். அவர் கை கழுவ முதலே அம்மாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது.

முன்னுக்குப் போகிற கியர் எதுவும் விழவில்லை. பின்கியர் மட்டும் பட்டென்று விழுந்தது.

“அண்ணை, இனிக் கழட்ட நேரமில்லை. உப்பிடியே பின்னுக்கு ஓடுங்கோ, நான் முன்னுக்குப் போறன்” என்றார் அன்ரன் அண்ணை, அப்பாவிடம்.

அவர் சைக்கிளில் மணியடித்து வழிவிலக்க, மைனர் பின்பக்கமாகவே கோப்பாய் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. பின் சீற்றில் அம்மா; கழுத்தைப் பின்னுக்கு முறுக்கியபடி அப்பா; அவர் பக்கத்தில் நான். வாழைக்குத் தண்ணீர் கட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி சுகமாய்ப் பிறந்தான். ஊருக்கு அவன் ‘றிவேர்ஸ்’ ஆனான். அப்பாவின் கழுத்துத்தான் நேராக ஒரு கிழமை பிடித்தது.

இப்போது அப்பா இல்லை. இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த மைனர், திரும்பிப் போனபோது இல்லை. அன்ரன் அண்ணை எந்தக் கரையில் இருக்கிறாரோ, தெரியாது. கனடாவில் தம்பி ஓட்டும் காரில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. பின்னுக்கு எடுக்கும்போதும் முன்னாலிருக்கும் சின்னத் திரையைத்தான் பார்க்கிறான்.

போன கோடையில் அப்படி அவன் காரைப் பின்னுக்கு எடுக்கையில், பின் சீற்றிலிருந்த அம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “றோட்டைப் பாக்கிற சாட்டிலை, அண்டைக்கு வழிநெடுக உங்கடை அப்பா என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வந்தவர். அதுக்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.”