லியென் அக்கா தின்ற பச்சைப் பொட்டலம்

எங்கள் ஸ்ட்ராபெரி கூட்டுறவுக் கொட்டகையில் எடை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பாவ்லியென். எல்லோருக்கும் லியென் அக்கா. இன்றைக்கு எங்கள் ஊர் தாஹுவில் யாரிடம் அவள் பெயரைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதே கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.

அவள் மலைக்கு அந்தப் பக்கம் நான்சுவாங்கில் பிறந்தவள். இங்கே வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் மூங்கில் லாரி ஓட்டினான். ஓட்டாத நேரம் குடித்தான். ஒருநாள் இரண்டையும் சேர்த்துச் செய்தான், அத்தோடு முடிந்தது. கையில் ஒரு பெண் குழந்தை. நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவினாள், சலூனில் முடி பெருக்கினாள், கடைசியில் கூட்டுறவுக்கு வந்து அட்டைப்பெட்டி மடித்தாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அவளை எடை மேசைக்கு மாற்றினார்கள். அப்போதெல்லாம் பெட்டிக்கு ஒட்டும் சீட்டைக் கையால்தான் எழுத வேண்டும்.

பிறகு லேப்டாப் வந்தது. புதியது இல்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்டவற்றை வாங்கி வந்தார்கள். யூங்ஷெங் என்று ஒருவன், மியாவ்லி ஊரிலிருந்து வந்து போகும் கம்ப்யூட்டர்காரன், தொந்தியும் ஸ்கூட்டருமாக வருவான், அவன்தான் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். லைசென்ஸ் செலவு இல்லை, கிழட்டு மெஷினிலும் ஓடும் என்றான். ஓடவும் செய்தது. தராசிலிருந்து எடை லேப்டாப்புக்குப் போகும். லியென் அக்கா தோட்டக்காரர் பெயரையும் தரத்தையும் அமுக்குவாள். சீட்டு வெளியே வரும். பெட்டி என் கைக்கு வரும். லாரி தைப்பேக்குக் கிளம்பும். ஒற்றை விரலால்தான் தட்டுவாள். ஆனால் நிற்க மாட்டாள்.

வாயும் நிற்காது. வரிசையில் முதல் ஆளாக வரும் சியூ என்கிற தோட்டக்காரன் தினமும் அவளைச் சீண்டுவான்.

"லியென், பழத்தைப் பாரு. அப்படியே உன் கன்னம்."

"என் கன்னத்துல இவ்வளவு புள்ளி இல்ல சியூ. ரெண்டாந்தரம். நகரு, அடுத்த ஆளு."

"புள்ளி எங்க? கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு!"

"துடைச்சா மூணாந்தரம்னு தெரிஞ்சிடும். துடைக்கவா?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்த நாற்காலியில் அவள் ஒரு ராணி. பெண் படித்து முடித்து தாய்ச்சுங்கில் நர்ஸ் வேலைக்குப் போனதும் அந்த நாற்காலியால்தான். ஆனால் அது வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கும் இரு என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சர்க்கரை நோயை மறைத்து வைத்திருந்தாள். தரம் பிரிக்கிற இடத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள்; அடுத்த ஒப்பந்தத்தில் அவள் பெயர் இல்லை. அதை லியென் அக்கா பார்த்திருந்தாள். காலையில் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு வருவாள். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வரிசை குறையும்போது சோற்று டப்பாவைத் திறப்பாள். இது எனக்கு மட்டும் தெரியும். ஒருமுறை, வீட்டில் போட மறந்து வந்த அன்றைக்கு, கழிப்பறைக்குப் பின்னால் ஊசியும் கையுமாகப் பார்த்துவிட்டேன். "வாயத் திறந்தா இதே ஊசிய உன் நாக்குல குத்துவேன்" என்றாள்.

இனி பச்சைப் பொட்டலம். எங்கள் ஊரில் மெஷின் இருக்கிற இடத்திலெல்லாம் அது இருக்கும். தேங்காய் வாசம் அடிக்கும் சோளப் பொரி. குழந்தையைப் பார்த்து சமர்த்தாக இரு என்போமே, அதுதான் அந்தப் பொரிக்குப் பெயர். வங்கியில் இருக்கும், ஆஸ்பத்திரியில் இருக்கும், ரயில் சிக்னல் அறையில்கூட இருக்கும். பச்சை உறைதான் வைக்க வேண்டும். தேதி தாண்டக் கூடாது. முக்கியமாக, பிரிக்கக் கூடாது. மெஷின் பக்கத்தில் வைத்தால் மெஷின் சமர்த்தாக இருக்கும். நம்புகிறாயா என்று கேட்டால் எல்லோரும் சும்மா விளையாட்டு என்பார்கள். எடுத்துவிடவா என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், பழம் வருவதற்கு முன்னால், யூங்ஷெங் வந்து, இந்தப் பழைய லினக்ஸ் பதிப்புக்கு இனிமேல் திருத்தம் எதுவும் வராது, புதியதற்கு மாற்றியாக வேண்டும் என்றான். பிரிவுத் தலைவர் பெங்குக்கு ஏக சந்தோஷம். புதிய பதிப்பின் படங்களை ஃபோனில் பார்த்துவிட்டார்.

"இதோ இது. வட்ட வட்டமா, பளபளன்னு. மாவட்டத்துல இருந்து ஆளு வந்தா காட்டலாம்."

"சார், அது கனம். இந்த மெஷினுக்கு ரேம் பத்தாது, ஹார்டு டிஸ்க்கும் கிழடு. அதே பதிப்புலயே இலேசான டெஸ்க்டாப், அதாவது திரைத் தோற்றம், ஒண்ணு இருக்கு. அதப் போடறேன்."

பெங் அதையும் பார்த்தார். முகம் சுளித்தார். "இது என்னய்யா, சவப்பெட்டிக் கடை மாதிரி சாம்பல் கலர்ல? பளபளப்பத்தான் போடு. உனக்குக் காசு கொடுக்கறது நான்."

போட்டான். திரையில் பெரிய ஸ்ட்ராபெரி படம் வந்தது. பெங் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்.

பழம் வந்தது. பெயரை அமுக்கினால் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுக்காமல் இன்னொரு தடவை அமுக்கினால் பிறகு இரண்டு சீட்டு சேர்ந்து வரும், ஒன்றை அழிக்க அதைவிட நேரம் ஆகும். ஒரு ஜன்னலை மூடினால் அது மெல்லக் கரைந்து மறையும், அழகாக, நோயாளி உயிர் விடுவதுபோல. வரிசை சாலை வரைக்கும் போயிற்று. ஸ்ட்ராபெரி காத்திருக்கிற சாமான் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வியர்க்கும், அடியில் இருப்பது நசுங்கும், முதல் தரம் இரண்டாவதாகும். தோட்டக்காரர்கள் கத்தினார்கள். யாரிடம் கத்துவார்கள்? முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம்தான்.

"லியென், தூங்கறியா?"

"மெஷின் தூங்குது. நான் தாலாட்டு பாடிட்டிருக்கேன்."

அவள் பெங்கிடம் போய் மூன்று தடவை சொன்னாள். அவர், "புதுசு அப்படித்தான் இருக்கும், கை பழகணும். நீ ஒத்தை விரல்ல தட்டினா?" என்றார்.

புத்தாண்டு நெருங்கியது. ஊரே பழம் கேட்கும் வாரம். ஒருநாள் வரிசை குறையவே இல்லை. சோற்று டப்பா அவள் காலடியில் மூடியபடி இருந்தது. எழுந்தால் சீட்டு நிற்கும், நின்றால் கொட்டகை கொதிக்கும். நான் பெட்டி எடுக்கப் போனபோது பார்த்தேன், நெற்றியெல்லாம் வியர்வை, விரல் நடுங்கித் தப்பான எழுத்தை அமுக்குகிறது.

"அக்கா, எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடு."

"இவன் ஒருத்தன் முடியட்டும்."

இவன் என்றது சியூவை. சியூவின் பெயரை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. அவள் கண் சொருகியது. அடுத்த கணம் லேப்டாப் பக்கத்தில் இருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்து, பிடி பிடியாக வாயில் அடைத்தாள். பொரி மேசையெல்லாம் சிதறியது. நான் ஓடிப்போய் யாருடையதோ இனிப்புச் சோயாப் பாலைப் பிடுங்கிக் கொடுத்தேன். குடித்தாள். கண் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்து திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றுபோயிற்று. மொத்த மெஷினும் உறைந்தது.

சியூ வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்தான். "அடிப் பாவி! மெஷினுக்கு வெச்சதத் தின்னுட்டாடா!"

வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எவனோ ஃபோனில் படம் எடுத்தான். வாயைச் சுற்றிப் பொரித்தூள், கையில் கிழிந்த பச்சை உறை, பின்னால் உறைந்த ஸ்ட்ராபெரி. படம் தோட்டக்காரர்களின் ஃபோன் குழுவுக்குப் போனது. அன்றைக்கு அது வேடிக்கைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

மறுநாள் காலையில் பெங் எல்லோரையும் கூட்டினார். தோட்டக்காரர்களும் வந்திருந்தார்கள், பழம் நசுங்கியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு. பெங்கின் காது சிவந்திருந்தது. யாரோ ஒருவர், புது மாதிரி போட்ட நாளிலிருந்துதான் இந்த இழவு என்று ஆரம்பித்தார். பெங் கையைத் தூக்கினார்.

"மெதுவா ஓடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஓடிச்சா இல்லையா? நின்னது எப்போ? நீங்களே பாத்தீங்க, நீங்களே படம் எடுத்தீங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட்டமும் சிரித்தது. சிரித்தபோதே பொறுப்பு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிட்டது.

"அது பொரியால இல்லீங்க. புதுசு கனம்னு யூங்ஷெங் அன்னிக்கே சொன்னானே, நான் கேட்டுட்டுத்தானே நின்னேன்" என்றேன்.

"ஓ, இன்ஜினியர் பேசறாரு! அடுத்த தடவ லாரில பெட்டி ஏத்த யூங்ஷெங்கக் கூப்பிடறேன், நீ வந்து லினக்ஸ் போடு."

மறுபடி சிரிப்பு. பெங் அவள் பக்கம் திரும்பினார். "ஏன் தின்னே, சொல்லு பாப்போம்."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்தவன் எல்லாம் வாயை மூடுவான். அவள் என்னைப் பார்க்காமல் நேராக நின்றாள்.

"பசிச்சுது. தின்னேன்."

அன்றே அவளை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினார்கள், எங்கே ஆரம்பித்தாளோ அங்கே. பெட்டிக் குவியலுக்குப் பின்னால் போய் அவளைப் பிடித்தேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நோயாளின்னு அனுப்புவான். சொல்லலேன்னா தின்னிமாடுன்னு அனுப்புவான். தின்னிமாட்டுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்டா."

ஒப்பந்தம் புதுப்பிக்கக் கூப்பிட்டபோது அவளைக் கூப்பிடவில்லை.

புத்தாண்டு விடுமுறையில், கொட்டகை பூட்டியிருந்தபோது, யூங்ஷெங் வந்தான். சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் திறந்துவிட்டேன். ஒவ்வொரு லேப்டாப்பிலும் பளபளப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சாம்பல் நிற டெஸ்க்டாப்பைப் போட்டான். பின்னணியில் எந்நேரமும் எல்லாக் கோப்பையும் துழாவிக்கொண்டிருந்த எதையோ நிறுத்தினான். சாம்பல் திரையில் பெங்கின் ஸ்ட்ராபெரி படத்தை மட்டும் திரும்ப ஒட்டினான், அவர் கண்டுபிடிக்காமல் இருக்க. பெயரை அமுக்கினான். சீட்டு உடனே வந்தது.

"இத இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லு" என்றேன்.

"சொல்லி? பெங் சாருக்கு எதிரா நின்னா அடுத்த வருஷம் வேற ஆளப் போடுவாரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குண்ணே."

"அப்போ அந்தப் பொம்பள?"

அவன் பையின் ஜிப்பை இழுத்தான். உள்ளே ஒயர்களுக்கு நடுவே ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. "எனக்குத் தெரியும், இதுக்கும் மெஷினுக்கும் ஒண்ணுமில்லன்னு. ஆனா இது இல்லாம ஒரு இடத்துக்கு வேலைக்குப் போக எனக்கே தைரியம் இல்ல. நான் போய் யாருக்குப் புத்தி சொல்ல?"

விடுமுறை முடிந்து திறந்த நாளில் பெங் ஊதுவத்தி ஏற்றினார். ஒவ்வொரு லேப்டாப் பக்கத்திலும் தேதி பார்த்து வாங்கிய புதுப் பொட்டலம் வைத்தார். எடை மேசை நாற்காலியில் அவருடைய மனைவியின் தங்கை மகள் உட்கார்ந்தாள். முதல் சீட்டு துள்ளிக்கொண்டு வந்தது. தோட்டக்காரர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தியா! நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்றான் சியூ என்னிடம். நான் ஃபோர்க்லிஃப்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அவன் கண்ணால் பார்த்ததை நான் எந்த வாயால் மறுப்பது?

அதன்பிறகு அவளுக்குக் கொட்டகைப் பக்கம் எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. மெஷின் இருக்கிற இடத்துக்கு அவளைக் கூப்பிட எவனுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வேலை கொடுத்தவன் சியூதான். பாத்தியில் குனிந்து பழம் பறிக்கிற தினக்கூலி. முதுகு ஒடியும். விருந்தாளி வந்தால், "இவதான் அது!" என்று காட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். தின்றுகாட்டச் சொல்கிறவர்களும் உண்டு.

பருவம் முடிகிற சமயம் அவன் தோட்டத்துக்குப் பெட்டி ஏற்றப் போனேன். வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். விடுமுறையில் யூங்ஷெங் செய்ததை முழுசாகச் சொன்னேன்.

"இப்பவே சியூகிட்டப் போய்ச் சொல்றேன்க்கா. மெஷினத் திறந்து காட்டச் சொல்றேன். உன்மேல தப்பில்லன்னு ஊருக்கே தெரியட்டும்."

அவள் சோற்றை மென்று முழுங்கினாள்.

"எனக்குத் தெரியும்டா. அந்த ஸ்கூட்டர்க்காரன் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனான். அழுதான். நான் டீ போட்டுக் கொடுத்தேன்."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே?"

"சியூ எனக்கு ஏன் வேலை தர்றான்? புத்தி கெட்டுப் பொரி தின்ன பொம்பள, போனாப் போகுதுன்னு மன்னிச்சு விட்டிருக்கான். அதுல அவனுக்கு ஒரு பெருமை. தப்பு என்மேல இல்ல, அவன் வாய்மேலன்னு நாளைக்குத் தெரிஞ்சா, தினமும் என் மூஞ்சிய எப்படிப் பாப்பான்? ஒரு வாரம் பாப்பான். அப்புறம் ஆள் தேவையில்லம்பான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ பெட்டிய ஏத்து" என்றாள். டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கிக் குனிந்தாள்.