சித்தப்பாவின் எண்ணெய்ச் சட்டி

சித்தப்பா தன் கடையில் எண்ணெயைக் கொட்டி யாரும் பார்த்ததில்லை. தார் மாதிரி கறுத்துப் புகைந்தாலும், குறைகிற அளவுக்குப் புதுசை ஊற்றிக்கொள்வார். கொட்டச் சொன்னால் மகாலட்சுமியையே வீட்டை விட்டுத் துரத்தச் சொன்னதுபோல முகம் சுருங்கிவிடும்.

கம்மாபுரத்துப் பக்கம் இருந்த எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு அப்பாவுக்கு பெர்மனென்ட் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. தம்பிக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மைன்ஸ் ரோட்டோரம் கொட்டகை போட்டு போண்டா சுட்டார். அந்த உறுத்தலில் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் வருவார். எனக்கும் ஒரு பொட்டலம் வரும். காறல் அடிக்கும்தான், ஆனாலும் அதற்காகவே வாசலில் காத்துக்கிடப்பேன்.

ஒரு கோடையில், சைக்கிள் மிதித்தாலே அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டரோ, இதயத்துக்குச் சரியாக ரத்தம் போகவில்லை, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்பா வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

சித்தப்பா வீடு தேடி வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "பெர்மனென்ட்டுக்காரருக்கு எங் கடைப் பண்டம் ஆவாம பூடுச்சிங்களா?" என்றார். அம்மா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இத்தனை பேர் தின்கிறார்களே, எவன் செத்தான் என்று அவர் சிரித்தார். மறுநாள் அப்பா பொட்டலத்தோடு வந்தார். அம்மா அன்று அவரோடு பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட அப்பா அப்படியே அதன்மேல் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

திரும்பத் திரும்பக் காய்ந்து கெட்ட எண்ணெய் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைக் கெடுக்கும், இதயத்தின் தசையையும் சோரவைக்கும் என்று, எனக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் இப்போது சொல்கிறார். இப்போது சொல்லி என்ன புண்ணியம்? தம்பி கோபித்துக்கொள்வானே என்று அப்பா பட்ட பயத்துக்கு அவரிடம் மாத்திரை இருக்கிறதா?

கருமாதி வரைக்கும் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அன்றைக்குச் சித்தப்பா கடைச் சட்டியையே எண்ணெயோடு கொண்டுவந்து அடுப்பில் ஏற்றினார். அழுதுகொண்டே சுட்டார். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று படையல் இலையில் போண்டாவை வைத்தபோது அம்மா எழுந்து வந்தாள்.

"அங்கயும் அவர வுட மாட்டியா தம்பி?"

பெண்கள் அவளை இழுத்து உட்காரவைத்தார்கள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நான் இலைப்பக்கம் நகர்ந்து, எனக்கும் ஒன்று என்று சித்தப்பாவிடம் கை நீட்டினேன். அம்மா திமிறி எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். படையல் முடியுமுன் கேட்டதற்குத்தான் அடித்தாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.