கரியாலூர் பெடல் படகில் கடல் விதிகள்

ஏரியில் பெடல் மிதிக்க யாராவது விதி படித்துக்கொண்டு போவார்களா? நாங்கள் போனோம். பொங்கல் விடுமுறையில் புதுச்சேரிக் கடற்கரையில் என் மனைவி சுமதிக்கு வாட்டர் ஸ்கூட்டர் மேல் ஆசை வந்துவிட்டது. தானே ஓட்ட வேண்டும், நான் பின்னால் உட்கார வேண்டும். அங்கேயோ விதிப் பலகையிலிருந்து கேள்வி கேட்கிறார்கள். பதில் சொன்னால்தான் கைப்பிடி கைக்கு வரும். இல்லாவிட்டால் அவர்கள் ஆள் ஓட்டுவார். சுமதிக்கு ஐந்தில் மூன்று தப்பு. "மூட்டையாட்டம் குந்திக்கினு வர்றதுக்கு நான் இன்னா அரிசியா?" என்று இறங்கி வந்துவிட்டாள்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தண்ணீர் என்றாலே நடுங்குவேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாக அதை மறைத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவள் பலகையைப் படம் பிடித்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான்தான். அதை இரண்டு பக்கமும் அச்சடித்து, லேமினேஷனும் போட்டுக் கொடுத்தேன்.

பயிற்சிக்கு மலைமேல் இருக்கும் கரியாலூர் படகுக் குழாம் என்று முடிவானது. ஞாயிறு காலை 7.10க்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் இட்லி, இருவருக்கும் 80 ரூபாய். அங்கிருந்து மலை. ஓட்டியது சுமதி. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடது ஓரமாகவே ஏறினாள். 8.50க்குக் கரியாலூர், மீட்டரில் 38 கிலோமீட்டர்.

படகுக்கு அரை மணி நேரம் 120 ரூபாய். லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிவிட்டார் படகுக்காரர். அச்சடித்த அட்டையில் ஒரு விதி: வாட்டர் ஸ்கூட்டரில் சாவிக் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்ட வேண்டும். அவர் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பெடல் படகில் எஞ்சின் நான்தானே? கைப்பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை என் சட்டைப் பொத்தானில் கட்டினாள். "நான் வுழுந்தா நீங்க மிதிக்கறத நிறுத்திடணும்."

"யக்கா, இங்க யாரும் வுழுந்ததே இல்லக்கா" என்றார் படகுக்காரர்.

இன்னொரு விதி, திரும்பும்போது ஆக்சிலரேட்டரை விடக்கூடாது. விட்டால் கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகுமாம். மலைரோட்டுக்கு நேர் எதிர். ஒவ்வொரு திருப்பத்திலும் "மிதிங்க, மிதிங்க!" என்றாள். என் முட்டி கழன்றது.

அப்போது எதிரே ஒரு படகு வந்தது. ஓட்டியவர் பக்கத்தில் அவர் மனைவி. கடல் விதிப்படி நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். சுமதி ஒதுங்கினாள். அவரோ இடது பக்கம் ஒதுங்கினார். டமால்!

"இன்னாம்மா ராங் சைடுல வர்ற? இருவது வருஷமா இந்த மலையில பஸ் ஓட்டிக்கினு இருக்கேன். லெஃப்ட்டுதான்!"

சுமதி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "கடல்ல ரைட்டுங்கண்ணா. படிச்சிப் பாருங்க."

"இது ஏரிம்மா!"

"லீவு நாள்லயாவது சண்ட போடாம ஓட்டுய்யா" என்றார் அவர் மனைவி.

பிறகுதான் மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சுமதியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து "ஐயோ அம்மா" என்று அலறிக்கொண்டிருந்தேன். பொத்தான் பிய்ந்து ஏரிக்குள் போயிருந்தது.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தப்ப நீச்சல் தெரியும்னு சொன்னீங்களே?"

"தெரியாது. பயம்" என்றேன்.

அவள் திட்டவில்லை. கயிற்றை அவிழ்த்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அப்ப வேணாங்க. வூட்டுக்குப் போலாம்." அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம். என் பொய்யால் அவள் ஆசை போகிறதே! கரை ஏறியதும் அட்டையை வாங்கி முதல் முறையாகப் பின்பக்கம் திருப்பினேன். ஜெராக்ஸ்காரன் எங்கே படிக்கிறான்! கடைசி விதி அங்கே இருந்தது: ஓட்டுபவரைக் கரையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"சுமதி, இது என் வேல. நீ தனியா ஓட்டு."

உங்களுக்கும் இப்படி ஆசை இருந்தால் கரியாலூருக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பிறகு கூட்டம் ஜாஸ்தி. கச்சிராயபாளையத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். விதிகளை இரண்டு பக்கமும் படியுங்கள். நீச்சல் தெரியாது என்றால் படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு புதுச்சேரியில் ஐந்துக்கு ஐந்து. சுமதி தனியாகக் கடலில் பறந்தாள். எதிரே ஒரு வண்டி வந்தது. அவள் வலது பக்கம் சாய, கரையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் வலது பக்கம் சாய்ந்தேன். நனைந்து போய் வந்தவள் கேட்டாள்: "பாத்துக்கினே இருந்தீங்களா?"

"கண்ணக்கூட சிமிட்டல."

"நெஜமாவா? இல்ல, பொண்ணு பாக்க வந்தப்ப சொன்ன மாதிரியா?"