அடுப்படியில் நாற்பத்தொன்று

பள்ளி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கும் அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பாதரசம். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, வெப்பமானி இருக்கும். "டீ கொதிக்கக் கொதிக்கத்தான் குடுத்தேன்" என்று சாதித்த கடைக்காரரின் எதிரிலேயே அதைக் கோப்பைக்குள் விட்டு, "நாப்பத்தாறு. இதுல கை கழுவலாம்" என்றவர் அவர். யாரோ சொன்னார்கள் என்று எதையும் நம்ப மாட்டார். சொன்னது மாமனாராக இருந்தாலும் சரிதான்.

மாமனாரோ சொல்லியே பழகியவர். எழுபது வருடத்து வீடு, கோடையில் வாணலி மாதிரி காயும். ஏசி வாங்கியதும், அது கூடத்துக்குத்தான் என்று தீர்ப்பளித்தார். வெளியே மாட்டும் பெட்டிக்காக மெக்கானிக் வாசல் பக்கம் ஏணியைச் சாய்த்தபோது குறுக்கே வந்து நின்றார்.

"முகப்பு அழகே போயிடும். பின்னாடி, சமையக்கட்டு ஜன்னல் பக்கமா மாட்டுப்பா."

"ஐயா, அது அனலா கக்குமே."

"அங்க யாரு உக்காரப் போறா?"

உண்மைதான், யாரும் உட்காரவில்லை. பாதரசம் நின்றுகொண்டிருந்தார். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு. ஜன்னலைச் சாத்தினால் புகை, திறந்தால் பெட்டியின் பெருமூச்சு. கூடத்திலோ மாமனாரும் கணவரும் கம்பளி போர்த்திக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார்கள்.

ஒரு வாரம் அளந்து எழுதிய தாளை அவர்கள் முன் நீட்டினார். கூடம் இருபத்திரண்டு. அடுப்படி முன்பு முப்பத்தாறு, இப்போது நாற்பத்தொன்று.

"பழைய வீடும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமனார், கம்பளியை இழுத்துவிட்டபடி.

"வீடு பழசுதான் மாமா. பெட்டி புதுசு."

"விடும்மா, போகப் போகப் பழகிடும்" என்றார் கணவர்.

"யாருக்கு? எனக்கா, வெப்பமானிக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பும் சிலிண்டரும் கூடத்து நடுவில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தன.

"என்ன கூத்து இது?" கணவர் அலறினார்.

"குளிர் இருக்கிற இடத்துல சமையல். கதவைச் சாத்துங்க, குளிர் வெளிய போயிடும்."

பிறகு நிதானமாக, ஒரு கை காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டார்.

நெடி போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மாமனார் பதினோரு தும்மல் தும்மினார். ஒன்பதாவதில் பல் செட் கழன்று கம்பளிக்குள் விழுந்தது.

"கடவைத் டிறம்மா!"

"குளிர் போயிடுமே மாமா!"

பன்னிரண்டாவது தும்மலுக்கு முன் கணவர் மெக்கானிக்கை அழைத்துவிட்டார். அன்றே பெட்டி முகப்புக்கு வந்தது. அடுப்படிச் சுவரில் புகைபோக்கி விசிறியும் சுழன்றது. ஆனால் அடுப்பு நகரவில்லை.

"இப்ப உள்ள கொண்டுபோகலாமில்ல?" என்று கெஞ்சினார் கணவர்.

"அடுப்படி முப்பத்தஞ்சுல நிக்குது. முப்பத்திரண்டு ஆகட்டும். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிச்சா இறங்கும்."

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு மாடி ஏறினார் கணவர். தாளிக்கும் நேரம் நெருங்க நெருங்க, வெளிப்புற மாடிப்படியில் நின்று மாடியையும் கூடத்து ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்த மாமனாரின் குரல்தான் உயர்ந்தது.

"அந்த மூலைய விட்டுட்டியேடா! சீக்கிரம்டா, அவ மிளகாய் டப்பாவைத் திறக்கிறா!"