பொத்தான் மாறிய கோட்டு

ஒஸ்லோவில் ஓர் ஓவியக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். வீட்டில் சட்டை தைப்பதும் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், அமெரிக்காவிலிருந்து சில பழைய எண்ணெய் ஓவியங்கள் இரவலாக வந்தன. அவற்றில் ஒன்று, இருநூறு வருடங்களுக்கு முன் ஓர் ஓவியர் தன்னையே வரைந்த படம். இடது கையில் தூரிகை. பக்கத்து அட்டையில், அவர் இடக்கையால் வரைந்தவர் என்று எழுதியிருந்தது.

தரையைக் கூட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவருடைய கோட்டைக் கவனித்தேன். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும். இதில் வலப்பக்கம் மேலே கிடந்தது, பெண்களுடையதைப் போல. மனைவியின் கோட்டையா போட்டுக்கொண்டார்? அன்று முழுக்க அதே யோசனை.

மாலையில் அம்மருட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும், பஸ் ஓட்டிவிட்டு வந்திருந்த கணவரைப் பிடித்தேன்.

“இஞ்சை வாங்கோ, அந்தக் கோட்டை ஒருக்காப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலை நில்லுங்கோ.”

“இப்பதானே கழட்டினனான். என்னத்துக்கு?”

“நில்லுங்கோவன்.”

கண்ணாடிக்குள் பொத்தான்கள் மறுபக்கம் போயிருந்தன. ஒரு பேனையை அவருடைய வலது கையில் கொடுத்தேன். கண்ணாடியில் இருந்த மனிதர் அதை இடது கையில் பிடித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவியர் கண்ணாடியைப் பார்த்து, கண்டதை அப்படியே வரைந்திருக்கிறார்!

அடுத்த நாள், ஓவியங்களைச் சீர்செய்யும் பெண்ணிடம் என் தட்டுத்தடுமாறிய நொர்ஸ்க் மொழியில் சொன்னேன். அவள் கைவிளக்கோடு வந்து படத்துக்கு முன் குந்தினாள்.

“கையை எல்லாரும் பார்த்தோம். பொத்தானை ஒருவரும் பார்க்கவில்லை,” என்றாள். “நீ எப்படிப் பார்த்தாய்?”

“நான் தைக்கிறனான்,” என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் படத்தின் சொந்தக்காரர்களுக்கு எழுதினாள். சில வாரங்களில் அட்டை மாறியது. இடக்கை பற்றிய வரி அதில் இல்லை. யார் கண்டுபிடித்தது என்றும் இல்லைத்தான். ஆனாலும் அன்று அந்த அறையை இரண்டு தரம் துடைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிப்போனேன். படத்துக்கு முன் வெகுநேரம் நின்றார்.

“இதை வரைஞ்சு முடிக்குமட்டும் கண்ணாடியிலை தன்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அலுப்படிக்கேல்லையோ இவனுக்கு?” என்று கேட்டார்.

ஓவியரின் கண்களைப் பார்த்தால், அலுத்த ஆள் போலத் தெரியவில்லை.