உச்சி வேளையில் திரும்பி வந்த குரல்

என் மகள் யாழினியைக் காணாமல் தவித்த அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. அவள் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்வதாக வேண்டிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருடம், புரட்டாசி சனிக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து நவதிருப்பதி தரிசனத்துக்கு வந்திருந்தோம். ஐந்து கோயில் முடிவதற்குள் மதியத்துக்கு நடை சாத்திவிட்டார்கள். ஏரல் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் ஒரு மருத மரம். அதனடியில் காவல் தெய்வம் சுடலைமாடனின் கூரையில்லாத பீடம். பைக்கில் போனவர்கூட இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கும்பிடவில்லை. என் பட்டியலில் அந்தச் சாமி இல்லை.

சாப்பிட அங்கே இறங்கினோம். கணவர் காரை நிழலில் விடப் போனார். சாப்பாட்டைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தேன். பிள்ளை இல்லை. நாலு வயது. இலை அசையவில்லை. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை.

"யாழினி! யாழினி!"

ஆற்று நாணலுக்குள்ளிருந்து என் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் தாமதமாக. என்னுடையதைவிடக் கனிவாக.

பீடத்தருகே பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் பதறி எழுந்தாள். "கூப்பிடாதியக்கா! உச்சி நேரத்துல ஆத்தோரம் பேரச் சொல்லலாமா? ஆத்துல கெடக்கது அதே கொரல்ல பிள்ளயக் கூப்பிடும்லா? ஒம்பது கோயிலுக்குப் போறிய, வாசல்ல நிக்கவனுக்கு ஒரு கும்பிடு போட்டியளா? வாய மூடிட்டு அவன்கிட்ட கேளுங்க. நான் நாணலுக்குள்ள பாக்கேன்."

ஓடுவதா, நிற்பதா? கத்தாமல் இருப்பது தப்போ? தெரியவில்லை. பீடத்தின் முன் விழுந்தேன். 'மாடா, என் பிள்ளையைக் கொடு. நாலு பேரிடம் சொல்கிறேன்.' அவ்வளவுதான் வந்தது.

பின்னாலிருந்து யாரோ சேலையை இழுத்தார்கள். யாழினி. முழங்கால்வரை ஈரம். நெற்றியில் திருநீற்றுப் பட்டை.

"நீ ஆத்துக்குள்ள இருந்து கூப்பிட்டியேம்மா. வந்தேன். மீசை மாமா கையப் பிடிச்சாங்க. அது உங்கம்மா இல்லன்னாங்க."

கரையில் எங்களைத் தவிர அந்தப் பூக்காரப் பெண் மட்டுமே இருந்தாள்.

எதிரொலி என்கிறார் கணவர். இருக்கலாம். பீடத்துத் திருநீற்றைப் பிள்ளையே பூசியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டையின்மேல் என் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தேன். என் விரல்களைவிட அகலம்.

இந்தப் புரட்டாசியில் முதல் கும்பிடு அவனுக்கே போட்டோம். ஆற்றோரம் நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கை தட்டுகிறேன். என்னைப்போலப் பயத்தில் கத்திக்கொண்டே இருக்கும் தாய்மார்களே, ஒரு நிமிடம் வாயை மூடி அவனிடம் விடுங்கள். பிள்ளையை அழைப்பது யார் குரல் என்று அவனுக்குத் தெரியும்.